விவாகரத்து கேட்க எதெல்லாம் காரணமாகும்?

"எங்களுக்கு ஒத்துவரல சார்" என்று போய் நின்றால், கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்தது என்றுதான் வக்கீல் முதலில் கேட்பார். இந்து திருமணச் சட்டம், 1955 என்றால் 13ஆவது பிரிவைப் பாருங்கள்: கள்ள உறவு, கொடுமை, 2 வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போனது, மதமாற்றம், கடும் மனநோய், 7 வருடமாக ஆள் உயிரோடு இருக்கும் தகவலே இல்லாதது, ஏன், சந்நியாசம் வாங்கிக்கொண்டு போவதுகூட அதில் உண்டு.

பெரும்பாலும் கையில் எடுப்பது கொடுமையைத்தான். அடித்திருக்க வேண்டும் என்றில்லை, மனரீதியான கொடுமையும் சேரும். ஆனால் மனுவில் "தினமும் சண்டை" என்று எழுதினால் நிற்காது. "பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார், பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார்" என்று நாள், இடம், சாட்சியோடு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் திட்டியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு விடாமல் அந்தப் போனையும் பத்திரமாக வையுங்கள்.

துபாய்க்கு வேலைக்குப் போனது கைவிடுதல் ஆகாது. சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

சரி, இருவருக்கும் சம்மதமா? அதே சட்டத்தில் 13பி பிரிவு இருக்கிறது. 1 வருடம் பிரிந்திருந்தால் சேர்ந்தே மனு போடலாம், ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்திருப்பதுதான். அப்புறம் 6 மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கல்யாணமாகி 1 வருடம் ஆகவில்லையா? மனு போடுபவருக்கு விதிவிலக்கான கஷ்டமோ, எதிர்த்தரப்பின் மிக மோசமான நடத்தையோ இருந்தால் மட்டும் தனி அனுமதி கேட்கலாம்.