பீஷான் ஆற்றங்கரையில் செக்‌ஷன் எடுப்பது எப்படி? லேண்ட்ஸ்கேப் மாணவர்களுக்கு

சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா போனால் கார்டன்ஸ் பை த பேயை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். காலைப் பொழுதை பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குக் கொடுங்கள். அங்கே 2.7 கி.மீ. நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். பெருமழையில் ஆறு பரவ 100 மீட்டர் வரை இடம் விட்டிருக்கிறார்கள். புகைப்படத்தில் இது வெறும் புல்வெளி. செக்‌ஷன் (ஆற்றையும் கரையையும் குறுக்கே வெட்டிக் காட்டும் படம்) வரைந்தால்தான் வேலை புரியும்.

கிளம்பும் முன் கூகுள் எர்த்தில் பழைய கால்வாய்ப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே அளவில், 1:1000-இல், ஏ3 தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தூரத்தைக் காலடியால் அளக்க, 30 மீட்டர் டேப் விரித்து மூன்று முறை இயல்பாக நடந்து, உங்கள் காலடி நீளத்தின் சராசரியைக் குறித்துவையுங்கள்.

வளைவின் வெளிக்கரை, உட்கரை, நேரான பகுதி என மூன்று இடங்களில் அளந்தால் போதும். நீர் வேகமாக மோதுவது வெளிக்கரையில். மண் படிவது உட்கரையில். எந்தக் கரையில் கல், எதில் வெறும் செடி என்று பாருங்கள்.

உயரம் அளக்கக் கருவி வேண்டாம். நீர் விளிம்பில் நின்று, போனின் சாய்வுமானியை 0 டிகிரியில் கண்மட்டத்தில் பிடித்து, பார்வை கரையில் படும் இடத்தைக் குறியுங்கள். அந்த இடம் நீங்கள் நிற்கும் இடத்தைவிட உங்கள் கண் உயரம் அளவுக்கு மேலே இருக்கிறது. அங்கே ஏறி நின்று மறுபடி பாருங்கள். கண் உயரம் 1.5 மீ. என்றால் மூன்று முறைக்கு 4.5 மீ. பலர் கண் உயரத்துக்குப் பதில் ஆள் உயரத்தைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு படியிலும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் பிழை சேரும். காலடியால் அளக்கும் தூரமும் சரிவு நீளம்தான். 1:3 சரிவில் (1 மீ. ஏற 3 மீ. கிடை தூரம்) அது கிடை தூரத்தைவிட 5% அதிகம், 1:2-இல் 12%. கழித்துவிட்டு வரையுங்கள்.

மழை வந்தால் உடனே மேலேறுங்கள். எச்சரிக்கை விளக்கும் சைரனும் அலங்காரத்துக்கு இல்லை. வெள்ளம் வடிந்தபின் செடித்தண்டுகளில் சிக்கிய சருகு எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் வெள்ளமட்டம் கிடைத்துவிடும்.

ஊர் திரும்பியதும் இந்த செக்‌ஷனை அடையாற்றின்மேல் அப்படியே ஒட்டுவதுதான் வழக்கமான தவறு. சிங்கப்பூரில் 2,000 மி.மீ.-க்கு மேல், எல்லா மாதமும் மழை. சென்னையில் சுமார் 1,400 மி.மீ., பெரும்பகுதி அக்டோபர்–டிசம்பரில். அங்கே பச்சையாக நிற்கும் கரைச்செடி இங்கே மே மாதத்தில் கருகும். சரிவையும் வெள்ளப்பரப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், செடியை மாற்றுங்கள்: கீழே வெட்டிவேர், நொச்சி, மேலே புங்கன், நீர்மருது. நொச்சிக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கரையில் பதித்தால் துளிர்க்கும். ஆனால் ஜூலையிலேயே நட்டுத் தண்ணீர் விட வேண்டும். செப்டம்பர் கடைசியில் நட்டால் வேர்பிடிக்கும் முன் முதல் வெள்ளமே அள்ளிப் போய்விடும்.