பக்கத்து வீட்டு மர வேர் நம் சுவருக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

காம்பவுண்டு சுவரில் விரிசலைப் பார்த்ததும் அரிவாளைத் தேடாதீர்கள். முதலில் ஒரு மண்வெட்டி போதும், அப்புறம் ஒரு கடிதம்.

படி 1: வேர் யாருடையது?

விரிசலுக்குக் கீழே உங்கள் பக்கம் தோண்டி, வேர் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடருங்கள். எங்கள் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டபோது பக்கத்து வீட்டு அரசமரத்தை மூன்று மாதம் திட்டித் தீர்த்தேன். கொத்தனார் தோண்டிக் காட்டிய வேர் நேராக எங்கள் வாதாமரத்துக்குப் போய் நின்றது. தென்னைமீதும் இப்படித்தான் பழி விழும். அதன் வேர் அரசமர வேர் மாதிரி ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போவதில்லை.

அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பதைப் புலப்படத்தில் (நில எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) பாருங்கள். சந்தேகமென்றால் எல்லையை அளக்கச் சொல்லும் எஃப் லைன் மனு கொடுத்து சர்வேயரை வைத்து அளந்துவிடலாம்.

படி 2: சான்று

விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. களிமண் நிலத்தில் வேர் சுவரைத் தள்ளவே வேண்டாம், ஈரத்தை உறிஞ்சினாலே மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கிவிடும். குழாய் விஷயத்தில் கவனம்: வேர் பெரும்பாலும் ஏற்கெனவே கசியும் இணைப்பைத் தேடித்தான் நுழையும், அதனால் "உங்க குழாய்தானே ஓட்டை" என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

படி 3: கடிதம்

நேரில் பேசிப் பாருங்கள், சரி. ஆனால் எழுத்திலும் கொடுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில். வேருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 'தொல்லை' (nuisance) என்ற பொதுவான கொள்கைப்படிதான் நீதிமன்றம் பார்க்கும், இங்கிலாந்துத் தீர்ப்புகளையும் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவார்கள். 2001இல் தீர்ப்பான, லண்டன் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றைப் பற்றிய டெலவேர் மேன்ஷன்ஸ் வழக்கில், மரத்தை அகற்றியிருந்தால் 14 ஆயிரம் பவுண்டில் முடிந்திருக்க வேண்டிய பழுது, அஸ்திவாரத்தைப் பலப்படுத்த 5.7 இலட்சம் பவுண்டு வரை போனது. தகவல் தெரிந்தும் மரத்தை விட்டுவைத்த வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சிதான் அதைக் கட்ட வேண்டியதாயிற்று. தெரிவித்தார்களா, சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி. அதனால்தான் கடிதத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

படி 4: வெட்டுவது

எல்லைக்கோடு வரை, உங்கள் பக்கம் நின்றபடி வெட்டலாம். அவர் நிலத்தில் கால் வைக்காதீர்கள், ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். அடிமரத்துக்குப் பக்கத்தில் தொடை கனத்தில் இருக்கும் வேரை வெட்டி மரம் சாய்ந்தால் பழி உங்கள்மேல் திரும்பும். மலைப்பகுதியில் மரத்தையே வெட்டுவதென்றால் 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், சந்தனமரம் என்றால் கைவைக்கும் முன்பே வனத்துறையிடம் போய்விடுங்கள்.

படி 5: பக்கத்து வீட்டுக்காரர் அசையவில்லையா?

மரம் ஆள்மேல் விழும் நிலையில் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். வெறும் சுவர்ச் சேதம் என்றால் சிவில் கோர்ட்: நஷ்டஈடு, கூடவே வேரை அகற்றச் சொல்லும் உறுத்துக்கட்டளை. அதற்கு முன்னால் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் சமரசம் கேட்டுப் பாருங்கள், கோர்ட் கட்டணம் கிடையாது. போகும்போது புலப்படம், விரிசல் படங்கள், முக்கியமாக அந்த ஸ்பீட் போஸ்ட் ரசீது.