மூக்கைத் திருத்தும் முன்

ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஆடியில் மூக்கைத் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டு, பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் உறவுப் பெண் ஒருத்தி செல்ஃபி ஒன்றை அனுப்பியிருந்தாள். ஓரடி தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்பதால், முதலில் ஐந்தடி தள்ளி நின்று வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். சிலருக்கு அங்கேயே ஆசை அடங்கிவிடும். அதன் பிறகும் குறை உறுத்தினால், அது எத்தனை ஆண்டாக உறுத்துகிறது, யார் சொல்லி உறுத்துகிறது என்று யோசிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன ஒற்றைச் சொல்லுக்காக அறுவைக்குப் போவது (என் கணக்கில்) வீண்.

சிறுவயதில் சாஸ்தா கோயிலில் காது குத்திய இடம் மொச்சைக்கொட்டை போலத் தடித்து நின்றிருந்தால், அது கீலாய்டு என்னும் தழும்பாக இருக்கலாம். முகத்திலும் தழும்பு அப்படித் தடிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் மறக்காமல் காட்டுங்கள். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்னும் மேற்படிப்பு முடித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மூக்கின் வீக்கம் முழுதும் வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரை ஆகும் என்பதால், ஆடியில் செய்துகொண்டால் ஆவணிக் கல்யாண ஆல்பத்தில் வீங்கிய மூக்குதான் இருக்கும்.