ஊட்டிக்குப் போகிறீர்களா? அரை நாளை லாங்வுட் சோலைக்குக் கொடுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் ஆட்கள் கோயம்புத்தூரில் இறங்கினால் அடுத்த நாளே ஊட்டிதான். பைன் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு, காட்டைப் பார்த்தாயிற்று என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். அது காடு இல்லை. பைன், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்), தேயிலை எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இவையெல்லாம் வருவதற்கு முன் நீலகிரி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் கோத்தகிரிக்குப் போங்கள். ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது, மொத்தமே 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் வீடுகளும். 2024 ஜனவரியில் இதை ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள்.

சோலை என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலத்திலும் இந்த வகைக் காட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். மலை மடிப்பில் ஓடையை ஒட்டி மரங்கள் நெருங்கி நிற்கும், கிளையெல்லாம் பாசி, தரையில் மெத்தை போல இலைச்சருகு. பெய்கிற மழையை அந்தத் தரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது, பக்கத்து ஊர்களுக்குக் குடிதண்ணீரே அப்படித்தான் கிடைக்கிறது. இந்த மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிவிட்டால் நிழல் போய், வெயிலிலும் உறைபனியிலும் நாற்றுகள் கருகிவிடும், திரும்ப வருவது லேசில்லை. அதனால்தான் இது காப்புக்காடு.

ஆகவே நேராகப் போய் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். சில நாள் முன்பே கோத்தகிரி வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள், காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். அவர் இல்லாமல் போனால் வெறும் பச்சைதான் தெரியும், மலை அணிலும் நீலகிரிக் காட்டுப்புறாவும் தலைக்கு மேலேயே இருந்தாலும் கண்ணில் படாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குத் தனிச் சாலை, சுமார் 33 கிலோமீட்டர், குன்னூர் சுற்றிப் போக வேண்டாம். வெளியூர் வண்டி நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே பதியலாம், இந்திய ஃபோன் எண் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அரசுப் பேருந்தில் போனால் அதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும். முழுக்கால் சட்டை, நீளக் காலுறை, கையில் கொஞ்சம் உப்பு, அது போதும். கடித்த இடத்தில் ரத்தம் சிறிது நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது காட்டுமாட்டுக்கு. தேயிலைத் தோட்டத்தில் சாதுவாக மேய்வதைப் பார்த்து மாடுதானே என்று படம் எடுக்கக் கிட்டே போய்விடாதீர்கள், நின்று, வழிவிட்டு, அது போன பிறகு நடங்கள்.

அக்டோபர், நவம்பரில் கோத்தகிரிப் பக்கம் மழை பலம், மண்சரிவில் சாலை அடைபடுவதும் உண்டு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும். ஃபோனில் பாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.