விலை அனுப்பும் மெயிலில் பூப்போட்ட பின்னணி வேண்டாம்

திருப்பூரில் பனியன் ஆர்டருக்காக வெளிநாட்டு பையருக்கு எழுதுகிறவர்களும், ஈரோட்டிலிருந்து மஞ்சள் விலை அனுப்புகிறவர்களும் மெயிலுக்குள் பூ, மயில், வண்ணப் பின்னணி எதுவும் போடாதீர்கள். நம் திரையில் அழகாக இருப்பது அங்கே அப்படியே போய்ச் சேராது. பல மெயில் செயலிகள் படத்தை முதலில் மறைத்துவிடும். நீலப் பின்னணிப் படத்தை நம்பி வெள்ளை எழுத்தில் விலை அடித்திருந்தால், படம் வராத இடத்தில் வெள்ளைமேல் வெள்ளை. கிலோ என்ன விலை என்பதே தெரியாது. சில சமயம் அந்தப் படம் தனி அட்டாச்மென்ட்டாக வந்து நிற்கும். பையர் அதை டிசைன் என்று நினைத்துத் திறந்து பார்ப்பார், பாவம். சாதாரண எழுத்து, கீழே பெயர், கம்பெனி, போன் நம்பர் போதும்.

பொங்கலுக்கு வெளியூர் மாமன் வீட்டுக்கு அனுப்பும் மெயிலா? தாராளமாகக் கரும்பும் கோலமும் போடுங்கள், ஆசையாகப் பார்ப்பார்கள். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள்.