சர்வதேச கேஸ் போட்டி நடத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மேலாண்மைக் கல்லூரி சர்வதேச கேஸ் போட்டி (ஒரு நிறுவனத்தின் சிக்கலுக்கு மாணவர் அணிகள் தீர்வு சொல்லும் போட்டி) நடத்த முடிவெடுத்தால் முதலில் அரங்கம் பார்ப்பார்கள். அப்புறம் ஹோட்டல், ஸ்பான்சர், லோகோ, நிறைவு நாள் விருந்து. கேஸை யார் எழுதுவது, யார் மதிப்பெண் போடுவது என்ற பேச்சு கடைசி இரண்டு மாதத்தில்தான் வரும். நான் இருந்த ஏற்பாட்டுக் குழுவும் முதல் வருடம் இதே வரிசையில்தான் வேலை செய்தது. நாங்கள் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் அந்த வரிசையால் வந்தவை. கேஸ் போட்டியை விழா என்று நினைத்துத் தொடங்கிவிட்டோம். உண்மையில் அது பல நாட்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் எழுதும் ஒரு தேர்வு. தேர்வு நியாயமாக நடந்தால் சாப்பாடு சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். தேர்வில் கோளாறு என்றால் எந்த விருந்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு நிறுவனம் எதிர்கொள்ளும் சிக்கலைப் பதினைந்து இருபது பக்கத்தில் எழுதி அணிகளிடம் கொடுப்பார்கள். அதுதான் கேஸ். பெரும்பாலும் நாலு பேர் கொண்ட அணி. மூன்று மணி நேரத்திலோ ஒரு நாளிலோ தீர்வை யோசித்து, ஸ்லைடு தயாரித்து, இருபது நிமிடம் நடுவர்கள் முன் பேச வேண்டும். பிறகு கேள்விகள். இந்த வகைப் போட்டிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் ஜான் மோல்சன் வணிகப் பள்ளி 1981 முதல் எம்பிஏ மாணவர்களுக்காக நடத்துவது. அதன் ஏற்பாட்டுப் பொறுப்பு மாணவர்கள் கையில்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகன் வணிகப் பள்ளி, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஃபாஸ்டர் பள்ளி போன்ற இடங்களிலும் இளங்கலை மாணவர்களுக்கு இப்படிப்பட்ட போட்டிகள் உண்டு.

பழைய கேஸை எடுத்துக் கொடுப்பது

நேரம் இல்லை என்றதும் எல்லோரும் போகிற குறுக்குவழி இது. விலைக்குக் கிடைக்கும் கேஸ் ஒன்றை வாங்கி, அணிகளிடம் கொடுத்துவிடுவது. ஹார்வர்டு போன்ற பெரிய பதிப்பகங்களின் கேஸ்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியர்களுக்கான குறிப்பு ஒன்று தனியாக உண்டு. விடை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதே அதில் இருக்கும். முப்பது கல்லூரி வந்தால் அதில் ஒன்றிரண்டு கல்லூரியாவது அந்தக் கேஸை வகுப்பில் நடத்தியிருக்கும். அந்த அணிக்கு மூன்று மணி நேரமும் ஸ்லைடு செய்யவே கிடைக்கும்; மற்ற அணிகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும். எங்கும் வெளியாகாத புதுக் கேஸ்தான் வேண்டும். அதை எழுத ஒரு ஆசிரியருக்கு நாலு மாதமாவது தேவை. நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவதும் அந்த நாலு மாதத்துக்குள்தான்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பழைய மாணவர்கள் நாலு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து, அதே நேரக் கெடுவில் அதே கேஸைத் தீர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாம் வருடம்தான் இதைச் செய்தோம். முதல் நாற்பது நிமிடத்திலேயே ஒருவர் வெளியே வந்து, "அட்டவணை மூன்றும் அட்டவணை ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையே" என்றார். எழுதியவர், சரிபார்த்தவர், வடிவமைத்தவர் என்று மூன்று பேர் கண்ணில் படாதது அது. போட்டி நாளில் இருபது அறைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்து இதே கேள்வி வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

எண்களில் இன்னொரு பெரிய குழி இருக்கிறது. இந்தியாவில் எழுதும் கேஸில் "450 கோடி ரூபாய்" என்று போட்டால் பிரேசில் மாணவருக்கு அது எவ்வளவு என்று தெரியாது. மில்லியனில் எழுதுங்கள், டாலருக்கான மாற்று விகிதத்தையும் கேஸிலேயே கொடுத்துவிடுங்கள். ஜெர்மனியிலும் பிரேசிலிலும் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. நமக்கு அது ஒன்றரை. 03/04 என்ற தேதி அமெரிக்கர்களுக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. நிதியாண்டு இந்தியாவில் ஏப்ரலில் தொடங்குகிறது, ஆஸ்திரேலியாவில் ஜூலையில். "2024 நிதியாண்டு" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்தை நினைத்துக்கொள்ளும். கேஸின் முதல் பக்கத்தில் நாலு வரி விளக்கம் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல்கள் இவை. அந்த நாலு வரியைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

நீளமும் நடையும்கூட நியாயத்தைச் சேர்ந்தவைதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத அணிகள்தான் பாதிக்கு மேல் இருக்கும். மூன்று மணி நேரப் போட்டிக்கு முப்பது பக்கக் கேஸ் கொடுத்தால் வேகமாக ஆங்கிலம் படிப்பவர்களுக்குத்தான் பரிசு போகும். கிரிக்கெட் உவமை, உள்ளூர்ப் பண்டிகை, ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த கடைப் பெயர் எதுவும் விளக்கம் இல்லாமல் வரக் கூடாது.

மதிப்பெண் பட்டியலைக் கடைசியில் யோசிப்பது

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்காகவே பார்க்கலாம்.

இருபது அணிகள், நாலு அறைகள், அறைக்கு ஐந்து அணி, ஒவ்வொரு அறையிலும் வேறு நடுவர்கள். முதல் அறை நடுவர்கள் கறாரானவர்கள், 60 முதல் 75 வரை போடுகிறார்கள். நாலாவது அறையில் தாராளம், 76 முதல் 90 வரை. மொத்த மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி முதல் நாலு அணியை இறுதிச் சுற்றுக்கு எடுத்தால், நாலுமே தாராள அறையிலிருந்து வந்துவிடலாம். முதல் அறையில் மிகச் சிறப்பாகப் பேசிய அணி 75 வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும். யாரும் ஏமாற்றவில்லை, எக்செல் தாளில் கூட்டல் தவறும் இல்லை. ஆனாலும் முடிவு தவறு.

வழி எளியது: வெவ்வேறு நடுவர்கள் போட்ட மதிப்பெண்களை நேராக ஒப்பிடாதீர்கள். அறையின் முதலிடம் இறுதிச் சுற்றுக்கு, அவ்வளவுதான். மான்ட்ரியல் போட்டியில் முதல் கட்டம் முழுவதும் இரண்டு இரண்டு அணிகளாக ஒரே நடுவர் குழு முன் மோதுகிறார்கள். அந்த இரண்டில் எது மேல் என்பதுதான் அங்கே கேள்வி. கறார் நடுவர் இரண்டு அணிக்கும் கறார்தான் என்பதால் பாதிப்பு குறைகிறது. எந்த முறையை எடுத்தாலும் அணிகள் பதிவு செய்யும்போதே விதியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. பேசுவதற்கு 20 நிமிடம், கேள்விக்கு 10, மதிப்பெண் போட்டு அடுத்த அணியை அழைக்க 10. ஐந்து அணிக்கு மூன்று மணி இருபது நிமிடம். கடைசியாகப் பேசும் அணி, முதல் அணி பேசத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நாற்பது நிமிடம் சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் கையில் லேப்டாப் இருந்தால் ஸ்லைடு மாறும். செல்போன் இருந்தால் நடுவர்கள் என்ன கேட்டார்கள் என்ற செய்தி வரும். எல்லா அணியின் கோப்பும் ஒரே நேரத்தில் ஏற்பாட்டுக் குழு கைக்கு வந்துவிட வேண்டும். காத்திருப்பவர்களுக்குத் தனி அறை, போன் வெளியே. பேசி முடித்தவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. இல்லையென்றால் ஒவ்வொரு அணிக்கும் நாற்பது நிமிட இடைவெளியில் கேஸைக் கொடுங்கள்; எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கும். சாட்ஜிபிடி போன்ற கருவிகள் வந்துவிட்ட பிறகு, இணையம் உண்டா இல்லையா என்பதை மழுப்பலாக விடவே முடியாது. அனுமதி என்றால் எல்லோருக்கும் அனுமதி. தடை என்றால் அறையில் கண்காணிப்பாளர் வேண்டும். வெறும் வாக்குறுதியை நம்பித் தடை போட்டால் நேர்மையாக இருக்கிற அணிதான் தோற்கும்.

நடுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பான்சர் நிறுவனத்து அதிகாரிகள் வருவார்கள், நல்லதுதான். ஆனால் கேஸ் அவர்கள் நிறுவனத்தைப் பற்றியது என்றால், தாங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவைத்தான் சரியான விடை என்று அவர்கள் மனம் வைத்திருக்கும். அதைச் சொன்ன அணிக்கு மதிப்பெண் ஏறும். அதைவிட நல்ல யோசனை சொன்ன அணியிடம் "இது எங்களிடம் நடக்காது" என்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் வெளியாள் இருவராவது இருக்கட்டும். நடுவர்கள் எல்லோரும் முந்தைய நாளே கேஸைப் படித்திருக்க வேண்டும். காலையில் அரை மணி நேரம் கேஸ் எழுதியவரே அவர்களிடம் பேச வேண்டும். தான் படித்த கல்லூரியின் அணி வரும் அறையில் யாரும் நடுவராக உட்காரக் கூடாது. கேள்வி நேரத்தில் நடுவர் தன் அனுபவத்தை நாலு நிமிடம் பேசினால் அது அணியின் பத்து நிமிடத்திலிருந்து போகிறது என்பதை முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்று, உங்கள் கல்லூரி அணி. கேஸை எழுதியவர் அவர்களுடைய ஆசிரியர், தன்னார்வலர்கள் அவர்களுடைய நண்பர்கள். அந்த அணி நியாயமாக ஜெயித்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சேர்த்துக்கொள்வதாக இருந்தால் கேஸ் வெளியாள் எழுதியதாக இருக்கட்டும்.

அழைப்புக் கடிதம் தாமதமாவது

அணிகளைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று நினைப்போம். கோபன்ஹேகனில் போட்டி என்றால் இந்தியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து போன்ற நாட்டு மாணவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது வழக்கமான காலம். சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. விண்ணப்ப மையத்தில் தேதி கிடைக்கக் காத்திருக்கும் வாரங்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அணித் தேர்வு ஐந்து மாதம் முன்பே முடிய வேண்டும். தேர்ந்த வாரத்திலேயே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் எழுதி, தங்கும் செலவு யாருடையது என்று தெளிவாகக் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட கடிதம் போக வேண்டும். தென்னிந்திய மாணவர்களுக்குத் தந்தை பெயரோ ஊர்ப் பெயரோ குடும்பப் பெயராக விழுந்திருக்கும், சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். கடிதத்தில் நீங்களாக வரிசையை மாற்றிவிடாதீர்கள். நாலு பேரில் ஒருவருக்கு விசா வரவில்லை என்றால் மாற்று ஆள் உண்டா, மூன்று பேரோடு ஆடலாமா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இந்தியாவில் நடத்துபவர்கள் வெளிநாட்டு அணியிடம் "டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடக் கூடாது. சரியான வகை எது என்று அதிகாரிகளிடம் கேட்டு எழுத்தில் சொல்லுங்கள்.

முதல் சுற்றை ஆன்லைனில் நடத்துபவர்களுக்கு மார்ச் மாதம் பொல்லாதது. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இந்தியாவும் சிங்கப்பூரும் தொடுவதே இல்லை. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரத்தில் நியூயார்க்குக்கும் கோபன்ஹேகனுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகிவிடும். "நள்ளிரவு வரை" என்றும் எழுதாதீர்கள், எந்த நாளின் நள்ளிரவு என்று சண்டை வரும். 23:59 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டு, ஒவ்வொரு அணிக்கும் அதன் ஊர் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள்.

ஓய்வு, சாப்பாடு, பணம்

சிங்கப்பூரிலிருந்து ஜனவரியில் மான்ட்ரியல் போகும் மாணவருக்கு 13 மணி நேர வித்தியாசம். அங்கே அந்த மாதச் சராசரி வெப்பநிலையே மைனஸ் 10 டிகிரியை ஒட்டி. வந்து இறங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேஸ் கொடுத்தால், பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வந்த அணிக்குத்தான் லாபம். நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். அந்த நாளையும் ஊர் சுற்றிக் காட்டி நிரப்பாதீர்கள், தூங்கட்டும். பெரிய விருந்து இறுதிச் சுற்றுக்குப் பிறகுதான். மது உண்டென்றால் வயது விதியைப் பாருங்கள்: மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 18, அமெரிக்காவில் 21. இளங்கலை மாணவர்களில் பலர் அமெரிக்காவில் குடிக்க முடியாத வயது.

உணவுப் படிவத்தில் "சைவம்" என்று ஒரே கட்டம் வைத்தால் போதாது. பல நாடுகளில் மீன் சைவத்தில் சேர்ந்துவிடும். ஜப்பானியச் சூப்பில் மீன் சாறு கலந்திருக்கும். முட்டை உண்டா, பால் உண்டா, ஹலால் வேண்டுமா, எதற்கு அலர்ஜி என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. தேதி குறிக்கும் முன் அதையும் பாருங்கள்.

பணத்தில் ஒரே எச்சரிக்கை. தங்கும் இடமும் சாப்பாடும் நடத்துபவர் செலவு, விமானக் கட்டணம் அணியின் செலவு என்பது பரவலான வழக்கம். ஸ்பான்சர் வாயால் சொன்னதை வைத்து அறை எண்ணிக்கையை உறுதி செய்துவிடாதீர்கள். கையெழுத்தான பிறகுதான் அது பணம். மாணவர்களின் யோசனைகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி, அணிகளுக்கும் காட்டுங்கள்.

முடிவு அறிவித்ததும் நடுவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன்பே, ஒவ்வொரு அணியையும் பற்றி நாலு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் வருடப் போட்டியில் தன் அறையில் கடைசியாக வந்த ஒரு அணியின் ஆசிரியை, நிறைவு விழா முடிந்ததும் என்னிடம் வந்தார். எங்கள் பிள்ளைகள் எங்கே சறுக்கினார்கள் என்று நடுவர்கள் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். புகார் சொல்லவில்லை, அடுத்த வருடம் தயாராவதற்காகக் கேட்டார். எங்களிடம் மொத்த மதிப்பெண் மட்டும்தான் இருந்தது. மறுவருடம் மதிப்பெண் தாளின் பின்பக்கத்தைக் குறிப்பு எழுதவென்றே காலியாக அச்சடித்தோம்.