ரத்தக்காட்டேரி படங்களை டிஸ்க்ல சேர்க்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பழைய டிராகுலா படங்களை வாங்கி வீட்ல சேர்த்து வெக்கணும்னு ஆசை வந்தா எல்லாரும் முதல்ல ஒரு லிஸ்ட் போடுவோம். படம் பேரு, வருஷம், யார் நடிச்சது, அவ்ளோதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா இந்த மாதிரிப் படங்களைப் பேரை மட்டும் பாத்து வாங்கினா ஏமாந்துதான் போவோம், ஏன்னா ஒரே பேர்ல நாலஞ்சு விதமான பிரிண்ட் சுத்திட்டு இருக்கும், ஒண்ணுல கலர் போயிருக்கும், ஒண்ணுல நிறைய நிமிஷம் காணாம போயிருக்கும், இன்னொண்ணுல முக்கியமான சீனையே வெட்டியிருப்பாங்க. அதனால எந்தப் படம்ங்கிறதை விட எந்த பிரிண்ட்ங்கிறதைத்தான் இங்க அதிகமா சொல்லப்போறேன்.

ஸ்டெப் 1: டிஸ்க் வாங்குறதுக்கு முன்னாடி ப்ளேயரைப் பாருங்க

டிவிடில 1-லிருந்து 6 வரைக்கும் ரீஜன் கோடு இருக்கு (டிஸ்க் எந்தப் பகுதி ப்ளேயர்ல ஓடும்னு பூட்டி வெக்கிற நம்பர்), ப்ளூ-ரேல ஏ, பி, சி-ன்னு மூணு. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2. ப்ளூ-ரேல அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. உங்க ப்ளேயர் எந்த ரீஜன்னு அதோட பின்பக்கமோ மேனுவல்லயோ போட்டிருக்கும். 4கே யுஹெச்டி டிஸ்க்ல ரீஜன் கோடே கிடையாது, ஆனா அதே பாக்ஸ்ல கூட வர்ற ப்ளூ-ரேக்கு இருக்கலாம், அதை மறந்துடாதீங்க. காட்டேரிப் படங்கள் ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு கம்பெனி போடுறதால நல்ல பிரிண்ட் எங்க வரும்னு சொல்லவே முடியாது, சீரியஸா சேர்க்கப் போறீங்கன்னா ரீஜன் ஃப்ரீ ப்ளேயர் ஒண்ணு முதல்லயே வாங்கிடுங்க, பின்னாடி வாங்கலாம்னு தள்ளிப் போட்டா நடுவுல நிறைய நல்ல டிஸ்க் கைவிட்டுப் போயிடும்.

ஸ்டெப் 2: மூணே மூணு படத்துல ஆரம்பிங்க

நாப்பது படம் இருக்கிற பெரிய பாக்ஸ் செட் இப்போ வேண்டாம். இந்த மூணையும் சரியான பிரிண்ட்ல வாங்கிட்டீங்கன்னா மத்த எல்லாத்தையும் எப்படித் தேடுறதுன்னு உங்களுக்கே பழகிடும்.

முதல் படம் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு', 1922, ஊமைப்படம். பிராம் ஸ்டோக்கரோட 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காம எடுத்ததால ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டாங்க, பிரிண்ட் எல்லாத்தையும் அழிக்கணும்னு கோர்ட்டும் உத்தரவு போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே வெளிநாட்டுக்குப் போயிருந்த பிரிண்ட்டுகளாலதான் படம் தப்பிச்சது. அதனாலதான் இதுக்கு இத்தனை விதமான காப்பி. நான் முதல்ல வாங்கினது வெறும் கறுப்பு வெள்ளை. அதுல காட்டேரி சவப்பெட்டியைக் கையில இடுக்கிட்டு ஊருக்குள்ள நடந்து வருது, சுத்திலும் நல்ல வெயில், சுவத்துல நிழல் விழுது. கடைசியில அதே காட்டேரி சூரிய வெளிச்சம் பட்டு செத்துப்போகுது. எனக்கு ஒண்ணுமே புரியல, அப்போ இவ்ளோ நேரம் வெயில்ல எப்படி நடந்துச்சு?

விஷயம் என்னன்னா, அந்தக் காலத்து கேமராவுல ராத்திரி ஷூட் பண்றது ரொம்ப கஷ்டம், அதனால பகல்ல எடுத்துட்டு பிரிண்ட்டை நீலச் சாயத்துல முக்கிடுவாங்க. நீலம்னா ராத்திரி, மஞ்சள்னா உள்ள விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்புன்னா விடியக்காலை. இதைத்தான் டின்ட்னு சொல்றோம். சாயம் இல்லாத காப்பியில ராத்திரி பகலே கிடையாது, அப்புறம் கதையே நிக்காது. அதனால 2006 வாக்குல முர்னாவ் பேர்ல இருக்கிற ஜெர்மன் அறக்கட்டளைக்காக 1922 ஃபிரெஞ்சு பிரிண்ட்டை வெச்சு ரீஸ்டோர் பண்ணதுல இருந்து வந்த டிஸ்க்கா தேடுங்க, கிட்டத்தட்ட 94 நிமிஷம் ஓடும். இன்னொரு சுலபமான அடையாளம் இருக்கு, எழுத்துல வர்ற கார்டுல காட்டேரி பேரு கவுன்ட் ஓர்லாக்னு இருக்கணும், டிராகுலான்னு இருந்தா அது பேரை மாத்தின பழைய இங்கிலீஷ் பிரிண்ட், வைங்க கீழே.

ரெண்டாவது, யுனிவர்சலோட 1931 'டிராகுலா', பேலா லுகோசி நடிச்சது. இது 75 நிமிஷம்தான். ஆனா பகல்ல இங்கிலீஷ் டீம் ஷூட் பண்ணிட்டு வீட்டுக்குப் போனதும், ராத்திரி அதே செட்டுக்குள்ள வேற டைரக்டர் வேற நடிகர்களோட ஸ்பானிஷ்ல இன்னொரு டிராகுலா எடுத்தாங்க, அது 104 நிமிஷம். கேமரா நல்லா நகரும், சீன் எல்லாம் நிதானமா போகும். என் கருத்துல படமா பாத்தா ஸ்பானிஷ்தான் மேல, ஆனா லுகோசிக்கு ஈடு அங்க யாருமே கிடையாது. அதனால ரெண்டும் சேர்ந்து வர்ற டிஸ்க்கை மட்டும் வாங்குங்க, தனித்தனியா வாங்காதீங்க. இங்கிலீஷ் படத்துல பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லவே இல்லைங்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க, சவுண்ட் வரலைன்னு பயந்து டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிடாதீங்க. சில டிஸ்க்ல 1990களோட கடைசியில ஃபிலிப் கிளாஸ் போட்ட இசையைத் தனி ஆடியோ டிராக்கா வெச்சிருப்பாங்க. முதல் தடவை இசை இல்லாமலே பாருங்க, அந்த அமைதிதான் பயமே.

மூணாவது, ஹேமர் கம்பெனியோட 1958 'டிராகுலா', கிறிஸ்டோஃபர் லீயும் பீட்டர் குஷிங்கும். அமெரிக்காவுல இதுக்குப் பேரு 'ஹாரர் ஆஃப் டிராகுலா', ரெண்டும் வேற வேற படம்னு நினைச்சு ரெண்டையும் வாங்கிடாதீங்க. இதுல பெரிய கதை இருக்கு. சென்சார் வெட்டின காட்சிகள் கிடைக்காதுன்னே ரொம்ப வருஷம் நினைச்சுட்டு இருந்தாங்க, 2011ல டோக்கியோவுல இருக்கிற ஃபிலிம் காப்பகத்துல ஜப்பான் பிரிண்ட்டோட சில ரீல் கிடைச்சது. கடைசியில வெயில் பட்டதும் டிராகுலா தன் கையாலேயே முகத்தைப் பிய்க்கிற அந்த சில வினாடி அதுலதான் இருந்துச்சு. 2013ல பிரிட்டன்ல வந்த ப்ளூ-ரேல அதைச் சேர்த்துட்டாங்க, ஆனா அதுல கலர் கொஞ்சம் நீலம் தட்டும். 2018ல அமெரிக்காவுல வந்த ப்ளூ-ரேல கலர் நல்ல சூடா இருக்கும், ரத்தம் ரத்தமாவே தெரியும், ஆனா ஜப்பான் காட்சிகள் கிடையாது. ரெண்டுல ஒண்ணுதான்னா நான் 2013தான் சொல்வேன், வெட்டுப்பட்ட காட்சியை உங்களால திரும்ப ஒட்ட முடியாது, கலரை டிவி செட்டிங்ல கொஞ்சமாவது சமாளிக்கலாம்.

ஸ்டெப் 3: கவரோட பின்பக்கத்தைப் படிங்க

முன்பக்கப் படத்தைப் பாத்து மயங்காதீங்க. பின்னாடி ஓடுற நேரமும் பிக்சர் அளவும் சின்ன எழுத்துல இருக்கும். நேரம் பாக்கும்போது ஒரு கணக்கு ஞாபகம் வெச்சுக்கோங்க, ஐரோப்பிய டிவிடி PAL-ங்கிற டிவி முறையில வினாடிக்கு 24 ஃப்ரேம் படத்தை 25 ஃப்ரேமா ஓட்டும், அதனால நேரம் 4 சதவீதம் குறையும். 75 நிமிஷப் படம் 72ன்னு போட்டிருந்தா வெட்டுன்னு அர்த்தம் இல்லை. 65ன்னு போட்டிருந்தா சந்தேகப்படுங்க.

பிக்சர் அளவுல (உயரத்தைப் போல அகலம் எத்தனை மடங்குங்கிற கணக்கு), 1930கள் படம் கிட்டத்தட்ட சதுரமா 1.33 இல்லன்னா 1.37ல இருக்கணும், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது சரிதான். 1966ல வந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்' நல்ல அகலம், 2.35. அதுல கிறிஸ்டோஃபர் லீ படம் முழுக்க ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார், ஃப்ரேமோட எந்த ஓரத்துல வந்து நிக்கிறார்ங்கிறதுலதான் மிரட்டலே இருக்கு, பழைய டிவிக்காக ஓரத்தை வெட்டின காப்பியில அந்த மனுஷனே பாதி காணாம போயிடுவார்.

ஸ்டெப் 4: செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது

டிஸ்க்கை ஓரத்தைப் பிடிச்சு விளக்குக்கு நேரா தூக்கிப் பாருங்க. வெள்ளிப் படலத்துல ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னப் புள்ளியா வெளிச்சம் கசிஞ்சா டிஸ்க் அழுக ஆரம்பிச்சிடுச்சு. ஓரத்துல காபிக்கறை மாதிரி பழுப்பு ஏறியிருந்தாலும் வேண்டாம். மேலோட்டமான கீறல் பிரச்சனை இல்லை, ஆனா டிஸ்க்கோட வட்டத்தோடயே வளைஞ்சு போற நீளக் கீறல் மோசம், நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா போற கீறலை ப்ளேயர் பெரும்பாலும் சமாளிச்சிடும். அடிப்பக்கம் ஊதா நிறமா இருந்தா அது யாரோ பர்ன் பண்ணின டிஸ்க்கா இருக்க வாய்ப்பு அதிகம்.

விஹெச்எஸ் கேசட்டும் சேர்க்கலாமான்னு கேட்டா, கவர் ஆர்ட்டுக்காகவும் டிஸ்க்ல வராத வெர்ஷனுக்காகவும் மட்டும் சேருங்க. கேசட்டோட சின்ன ஜன்னல் வழியா சுருட்டின டேப்போட ஓரத்தைப் பாருங்க, வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்தா பூஞ்சை, அதை உள்ள போட்டீங்கன்னா ப்ளேயருக்கும் அடுத்து போடுற கேசட்டுக்கும் சேர்ந்து பரவிடும்.

ஸ்டெப் 5: வந்த அன்னைக்கே ஓட்டிப் பாருங்க

இதை நிறைய பேர் பண்றதே இல்லை, ஷெல்ஃப்ல அடுக்கிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு ஓட்டும்போதுதான் படம் நின்னு போகும், அப்போ யார்கிட்ட போய் கேக்கிறது? முழுசா பாக்க நேரம் இல்லன்னா சரியான இடத்தையாவது பாருங்க. ப்ளேயர் டிவிடியை உள்வட்டத்துல இருந்து வெளியே படிக்கும், ரெண்டு லேயர் (படம் பதிஞ்சிருக்கிற அடுக்கு) டிஸ்க்குன்னா ஓரம் வரைக்கும் போயிட்டு அடுத்த லேயர்ல திரும்ப உள்ளே வரும். பழுது பெரும்பாலும் ஓரத்துலதான் ஆரம்பிக்கும். அதனால ஒரு லேயர்னா படத்தோட கடைசிப் பகுதி, ரெண்டு லேயர்னா படத்தோட நடுப்பகுதி, அங்க ஒரு இருபது நிமிஷம் விடாம ஓட விடுங்க. லேயர் மாறும்போது ஒரு நொடி நிக்கிறது சகஜம்தான், கட்டம் கட்டமா உடைஞ்சாலோ சவுண்ட் திக்கினாலோ அன்னைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. சரியா ஓடிச்சுன்னா எந்த வருஷத்து ரீஸ்டோரேஷன், எத்தனை நிமிஷம், என்னைக்கு ஓட்டிப் பாத்தீங்கன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி கவருக்குள்ள சொருகிட்டு, வெயில் படாத இடமா பாத்து செங்குத்தா நிறுத்தி வைங்க.